என் கிணற்றைச் சுற்றிப் போன ரோடு

சேந்தமங்கலத்திலிருந்து எருமப்பட்டிக்குப் போகும் ரோடு அப்படியொன்றும் நீளமில்லை. காலையில் கம்மங்கூழ் குடித்துவிட்டுக் கிளம்பினால் உச்சிக்கு முன் நடந்தே போய்ச் சேரலாம். கொல்லிமலை இடப்பக்கமாகக் கூடவே வரும். நூல் பிடித்த மாதிரி போகிற ரோடு, எங்கள் தோட்டத்துக்கிட்டே மட்டும் திடீரென்று வளையும். அங்கே பூமிக்கடியில் சாமி இருக்கிறது என்பார்கள் சிலர். இன்ஜினீயர் கள் குடித்திருந்தார் என்பார்கள் மற்றவர்கள். உண்மையில் காரணம் நான்தான்.

அதற்கு முன் அது வெறும் வண்டித்தடம். ஐப்பசியில் வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும். ரோடு வருகிறது என்றதும் ஊரிலேயே அதிகம் குதித்தவன் நான். அப்புறம்தான் சுண்ணாம்பு பூசிய முளைக்குச்சிகளை அடித்துக்கொண்டு வந்தார்கள். அவை நேராக என் கிணற்று மேட்டில் ஏறின. மாடுகளை முன்னும் பின்னும் நடத்தித் தண்ணீர் இறைக்கும் கவலை அங்கேதான் இருந்தது. அது போனால் மிளகாயும் இல்லை, ராகியும் இல்லை. குடும்பத்தோடு மலையேறிப் பலாப்பழம் பொறுக்க வேண்டியதுதான்.

ஓவர்சீயரிடம் போய்க் கெஞ்சினேன்.

"சாமி, கெணத்த மட்டும் உட்டுட்டு அக்கட்டால தள்ளிப் போடுங்க."

"கோடு போட்டது போட்டதுதான்யா. போய் வேலையைப் பாரு."

வேலையைத்தான் பார்த்தேன். அவர்கள் சாப்பிடப் போன மத்தியான வேளையில் ஏழு முளைக்குச்சிகளைப் பிடுங்கி, ஆள் உயரக் கற்றாழை வேலிக்கு அந்தப்புறம் வளைத்து நட்டேன். கூலியாட்கள் குச்சியைப் பார்த்தே மண்ணைக் கொட்டினார்கள். பத்து நாள் கழித்து வந்த ஓவர்சீயர் தலையைச் சொறிந்தார். தன் தலை தப்ப வேண்டுமே! கிணற்று மேட்டில் பெரும்பாறை இருப்பதாக எழுதிவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

கிணறு பிழைத்தது. ரோடும் வந்தது, பஸ்ஸும் வந்தது.

ஒரு நாள் தண்ணீர் இறைத்து முடித்து, மாடுகளை ரோட்டைக் கடக்க ஓட்டினேன். கற்றாழை மறைத்ததால் வளைவில் பஸ் வந்தது எனக்கும் தெரியவில்லை, டிரைவருக்கு நாங்களும் தெரியவில்லை. கவலையில் இடப்பக்கம் பூட்டும் மாட்டின் முன்னங்கால் இரண்டும் முறிந்தன. கன்றாக வாங்கி நானே பழக்கிய மாடு. எழுந்திருக்க இரண்டு தரம் முயன்றுவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டது.

டிரைவர் இறங்கி ஓடி வந்தார். "ஏனுங்க, எந்தப் பொழப்பத்தவனுங்க இந்த எடத்துல ரோட்ட வளைச்சான்?"

கூடியிருந்தவர்கள் எல்லாரும் இன்ஜினீயரைத் திட்டினார்கள். மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நானும் சேர்ந்து திட்டினேன். அந்தக் கூட்டத்தில் என் குரல்தான் பெரிதாக இருந்தது.