தொடாத இடம்

பால்ச்சாமிக்கு அரசாங்கம் கொடுத்த பெயர் தொழுநோய் ஆய்வாளர். திருச்சுழிப் பக்கத்து ஜனங்கள் வைத்த பெயர் இறகு சார். அவருடைய சட்டைப்பையில் பேனாவோடு ஒரு கோழி இறகும் இருக்கும். தேமல் தெரிகிறவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, தோலில் இறகை வைத்து எடுப்பார். பட்ட இடத்தை அவர்கள் விரலால் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் நிம்மதி. காட்டாவிட்டால் தோல் மரத்துவிட்டது என்று அர்த்தம், மாத்திரை.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், கரிசல் காட்டுப் பாதையெல்லாம் சைக்கிள் மிதித்து, ஊரார் முதுகையும் கையையும் தொட்டுத் தொட்டே தொண்ணூறுகளுக்கு வந்து சேர்ந்தார். அருப்புக்கோட்டையில், சொந்த வீட்டில்தான் அவரைத் தொட ஆளில்லை.

மனைவி சுகந்தியைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். இந்த நோய் வந்த தாய்மாமனைக் காட்டுக் குடிசையில் ஒதுக்கி, சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டு வந்த வீட்டில் பிறந்தவள் அவள். புருஷன் கொல்லைப்பக்கமாக வந்து, குளித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்றாள். அப்புறம் துண்டு தனியானது. பாய் தனியானது. மாத்திரை சாப்பிட்டவரிடமிருந்து இது ஒட்டாது என்று ஊர் ஊராக மைக் பிடித்துச் சொன்ன மனுஷன் வீட்டிலும் சொல்லிப் பார்த்தார். அவள் சரி என்பாள், பாயை மட்டும் நகர்த்த மாட்டாள். கடைசியில் அவருக்கு அலுத்துவிட்டது.

மதுரையில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் டாக்டர் ஒருவர் புதுசாக ஒன்று சொன்னார். எங்கே தொட்டார்கள் என்று சொல்கிற நரம்பு வேகமானதாம். அது போக, ரோமம் முளைக்கிற தோலில் மெல்லிய நரம்பு இன்னொன்று இருப்பதை வெளிநாட்டில் கண்டிருக்கிறார்களாம். மெதுவாகத் தடவினால்தான் அது விழிக்கும், சேதியும் சாவகாசமாகத்தான் மூளைக்குப் போகும். எதற்காக இருக்கிறது என்று இன்னும் உறுதியாகத் தெரியாது, பாசத்துக்காக இருக்கலாம் என்பது தன் யூகம் என்றார். வகுப்பே சிரித்தது. பால்ச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் உடம்பில் அந்த நரம்பு துருப்பிடித்துக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த பங்குனியில், மண்டையைப் பிளக்கிற வெயிலில் எம்.ரெட்டியபட்டிக்குப் போனார். அங்கே இருளப்பசாமி என்ற கூலிக்காரப் பெரியவர் மாத்திரையை முடித்திருந்தார். கடைசிச் சோதனை. கண்ணை மூடியபடி இறகு பட்ட இடத்தைச் சரியாகவே காட்டினார். பிறகு படாத இடங்களையும் காட்ட ஆரம்பித்தார். தோள், புறங்கை, கழுத்து. இப்படிச் சில பேர் உண்டு. களைத்துப் போயிருந்த பால்ச்சாமிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"தொடாத எடத்தையெல்லாம் காட்டாதீக, பெரியவரே. அப்பறம் கொணமாயிருச்சின்னு நான் எப்பிடி எழுத?"

பெரியவர் கண்ணைத் திறக்கவில்லை. "அங்கனயும் ஒருக்கா வைங்க சார்" என்றார்.

இன்னும் எத்தனை வீடு கிடக்கிறது என்று முனகிக்கொண்டே பால்ச்சாமி இறகைச் சட்டைப்பையில் செருகினார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பொழுது சாய வீட்டுக்கு வந்தவருக்கு, வாளியைத் தூக்கத் தெம்பில்லை. கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்காமல் சுகந்தி எட்டிப் பார்த்தாள். ஆள் சுவரோரம் சரிந்து கிடந்தார். குளிக்காத உடம்பு என்பது மறந்து போய், ஓடி வந்து தோளில் கை வைத்தாள்.

பால்ச்சாமியின் விரல் தன்னால் எழுந்து, அந்தக் கை இருந்த இடத்தைக் காட்டியது. இத்தனை வருஷம் நோயாளிகளிடம் பார்த்துப் பார்த்துப் பழகிய பழக்கம்.

"இங்கனயா வலிக்கிது?" என்றாள் சுகந்தி. மெல்ல நீவிவிட ஆரம்பித்தாள்.

வலி எதுவும் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் கை நின்றது. இனி கை கழுவச் சோப்பை எடுக்கப் போய்விடுவாள் என்று அவருக்குப் பயமாக இருந்தது. எம்.ரெட்டியபட்டிப் பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார்.

பால்ச்சாமி விரலைத் தூக்கி, அவள் தொடாத முழங்கையைக் காட்டினார்.

"அங்கனயுமா?" என்றாள். கை அங்கே வந்தது.

அவர் அடுத்த இடத்தைக் காட்டினார்.