பாட்டு நிற்கும் இடம்

எங்கள் பக்கத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேருக்குப் பிரேக் அக்காவின் சொந்தப் பெயர் தெரியாது. எனக்கே லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் ஒருநாள்கூட அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஐம்பது வயது, தனி ஆள், சிரிக்கக் காசு கேட்கும் முகம். பயிற்சிக் காரில் சொல்லித்தருகிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். மற்றவர்கள் வண்டியில் அந்த மிதியின் ரப்பர் புதுசு போலவே இருக்கும். அக்காவின் வண்டியில் அது தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது.

“வண்டிய யாரு வேணா நகத்திடலாம். நிறுத்தக் கத்துக்கத்தான் என்கிட்ட வர்றாங்க,” என்பார்.

நிறுத்தச் சொல்லித்தர அவரிடம் ஒரு காசெட் இருந்தது. மூடிக்கிடந்த பஸ் பணிமனைக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தரை. அதை மூன்று முறை சுற்ற வேண்டும். கிளம்பும்போது காசெட்டைத் தட்டிவிடுவார். இரண்டு கிட்டார், கதவை இடிப்பது போல டிரம்ஸ், தொண்டை கிழியக் கத்தும் ஒரு மனிதன். கத்தல் ஏறிக்கொண்டே போய், ஒரு வரியின் நடுவில் சட்டென்று அறுந்து நின்றுவிடும். அந்த நொடியில் முன்சக்கரம் வெள்ளைக் கோட்டில் இருக்க வேண்டும், வண்டியும் குலுங்கக் கூடாது. அது வாய்த்துவிட்டால் மட்டும் அக்கா ஒரு ‘ம்’ போடுவார்.

முதல் நாளே என் மூக்கு உடைந்தது. நான் மருந்துக்கடைக்காரி. கடையை ஊருக்கு வெளியே மாற்றியதால், நாற்பத்து நாலு வயதில் வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவள். காசெட் ஓட ஆரம்பித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, ஏனென்றால் பாடியது எனக்கும் உயிரான ராக் பாண்ட். மூன்றாம் சுற்றில் பாட்டு நின்றது. நான் நிற்கவில்லை. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நேராகப் போய்க்கொண்டிருந்தேன். அக்காவின் கால் இறங்கியது. என் நெற்றி ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டு வந்தது.

“காது கேக்குதா இல்லையா?”

“பாட்டு இன்னும் முடியலையே அக்கா. இனிமேதானே பியானோ வரும்.”

“எந்தப் பியானோ?”

அந்தப் பாட்டு மொத்தம் ஏழரை நிமிடம். கத்தல் அடங்கியதும் ஒரு மூச்சுவிடும் நேரம் அமைதி, பிறகு பியானோ, அதே மனிதன் அதே வரியைத் தணிந்த குரலில் எடுப்பான். அது ஒரு நாலு நிமிடம் போகும். காசெட்டில் பதியும்போது அந்த இடத்தில் டேப் தீர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

“அதெல்லாம் பின்னாடி மறுபதிப்புல ஒட்டுப்போட்டது. இது எங்கண்ணன் பதிஞ்சு குடுத்தது. அவன் எதையும் அரைகுறையா செய்ய மாட்டான்,” என்றார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஆனால் முடியவில்லை. ஆறு வாரம் கிளட்சோடு சேர்த்து இந்தச் சண்டையும் நடந்தது. அக்காவுக்கு முதல் நாலு ஆல்பத்தோடு உலகம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கத்தல்காரன் போய், மென்மையாகப் பாடும் ஒருவன் வந்தான். டிரம்ஸ்காரன் மாறினான், கிட்டார்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இப்போது பழைய ஆள் என்று மிஞ்சியிருப்பது நரைத்த தாடியோடு பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஒருவர்தான்.

“வீட்டுக்காரனும் போயாச்சு, குடியிருந்தவனும் போயாச்சு. வாசல்ல பேர் எழுதின பலகை மட்டும் தொங்குது. அதுக்கு நீ கும்பிடு போடுற,” என்பார்.

நான் அந்தக் குழுவை ஏழாவது ஆல்பத்தில்தான் பிடித்தேன். அம்மா இறந்துபோன வருஷத்தை அந்தப் பாட்டுகளை வைத்துத்தான் தாண்டினேன். யாராவது அதைத் தாலாட்டு என்றால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

“முப்பது வருஷம் ஒரே மாதிரி கத்திக்கிட்டே இருந்தா தொண்ட புண்ணாயிடும் அக்கா. அப்புறம் நான்தான் மாத்திரை குடுக்கணும்,” என்றேன். அன்றிலிருந்து எனக்கு மாத்திரை என்று பெயர் வைத்துவிட்டார்.

அண்ணனைப் பற்றி அவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். நாலு வயது மூத்தவர். சிநேகிதன் வீட்டு இசைத்தட்டிலிருந்து காசெட்டில் பதிந்து வருவார். ஒரே அறை, ஒரே ஹெட்ஃபோன். இருவரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காதாகக் கேட்பார்களாம். கப்பல் வேலைக்குப் போகிற அன்று இந்தக் காசெட்டை அவசரமாகப் பதிந்து, போட்டுக்கூடப் பார்க்காமல் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு எங்கோ ஒரு குளிர்ந்த துறைமுகத்தில் இறங்கி, கல்யாணம் செய்துகொண்டு, மீன் கிடங்கில் குளிர்சாதன எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் தங்கிவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறை, அக்காவின் பிறந்தநாளன்று போன் செய்வார். நல்லா இருக்கியா, உடம்பப் பாத்துக்க, சரி வைக்கட்டுமா. இரண்டு நிமிடம்.

“அந்த ‘வைக்கட்டுமா’வக் கேக்கத்தான் வருஷம் பூரா உக்காந்திருக்கேன்,” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் ஏங்கியது ஹெட்ஃபோனின் மறுபாதியைப் பிடித்திருந்த அண்ணனுக்கு. போனில் வந்ததோ யாரோ ஒரு பெரிய மனிதர்.

என் டெஸ்ட்டுக்கு முந்தின நாள் காலை, அக்கா சிடுசிடுவென்று வந்தார். அதற்கும் முந்தின நாள்தான் அவருடைய பிறந்தநாள். இந்த வருஷம் ஒன்றரை நிமிடத்திலேயே ‘வைக்கட்டுமா’ வந்துவிட்டதாம்.

“அவனும் அந்த பாண்ட் மாதிரிதான், உருத்தெரியாம மாறிட்டான்,” என்று ஆரம்பித்தார். “அஞ்சாவது ஆல்பம் வந்ததும் பார்சல்ல அனுப்பிவச்சான். கூட ஒரு கடுதாசி. ‘நீ உயிரா வச்சிருக்கிற பாட்டோட பின்பாதி மாதிரியே இது முழுக்க இருக்கு, உனக்குப் பிடிக்கும்’னு. எனக்கு அதுல ஒரு பாட்டுகூடத் தாங்கல. ‘நீயும் அவங்களும் சேந்தே கெட்டுப்போயிட்டீங்க’ன்னு எழுதிப் போட்டேன். அதோட கடுதாசி நின்னுபோச்சு. பின்பாதியாம். அந்தப் பாட்டுக்கு ஏது…”

அப்படியே வாயை மூடிக்கொண்டார்.

‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று நான் சொல்லிக்காட்டவில்லை. ஆறு வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

“அந்தக் கடுதாசி வந்து இருபத்தஞ்சு வருஷமாச்சு. அப்ப ஏது மறுபதிப்பு,” என்றார் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. பிறகு, “உன் போன்ல இருக்குல்ல? போட்டுட்டு வண்டிய எடு.”

மூன்று சுற்று. கத்தல் ஏறியது. வழக்கமான இடம் வந்ததும் அக்காவின் கால் பழக்கதோஷத்தில் இறங்கிவிட்டது. எஞ்சின் அணைந்தது. பாட்டு நிற்கவில்லை. பியானோ வந்தது. அதே கரகரத்த தொண்டை, பாதியில் அறுந்த அந்த வரியை எடுத்து, மெதுவாக, கடைசி வார்த்தைவரை பாடி முடித்தது. அக்கா காசெட் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் இன்னும் பிரேக்கில்தான் இருந்தது.

“எனக்கும் தெரியும்னு நெனச்சுத்தான் எழுதியிருக்கான்,” என்றார். “நான் பாதிதான் கேட்டேன்னு அவனுக்குத் தெரியவே தெரியாது.”

அவராகவே ஒருநாளும் அண்ணனுக்குப் போன் செய்ததில்லை. அன்று செய்தார். தன் போனை டாஷ்போர்டில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

“என்ன ஆச்சு? யாருக்கு என்ன?” என்று பதறியது அந்தப் பக்கம்.

“யாருக்கும் ஒண்ணுமில்ல. அண்ணா, அந்தக் காசெட்டுல டேப் பத்தல. பாட்டோட பின்பாதி எனக்குத் தெரியாமலே போச்சு.”

“எந்தக் காசெட்?”

அண்ணனுக்கு நினைவில்லை. காசெட்டும் இல்லை, கடுதாசியும் இல்லை. என்னென்னவோ அடையாளம் சொல்லிப் பார்த்தார் அக்கா. “அப்படியா,” என்றார் அவர், “இருக்கும்.” போனைப் பிடுங்கி அந்த மனிதரை நாலு கேள்வி கேட்கலாம் போல எனக்கு ஆத்திரமாக வந்தது.

“பரவாயில்ல. கேளு,” என்றார் அக்கா. என் போனை எடுத்துத் தன் போனோடு ஒட்டிவைத்து, பாட்டை முதலிலிருந்து போட்டார். ஏழரை நிமிடமும் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்தப் பக்கம் எந்திரங்கள் உறுமுவது மட்டும் பின்னால் கேட்டது. கத்தல் போனது, பியானோ வந்தது, அந்த வரி முடிந்தது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். எந்த வார்த்தைக்காகத் தன்னைத் தயார் செய்துகொள்கிறார் என்று எனக்குத் தெரியும்.

“அதே இடம். அந்தப் பியானோ வர்ற இடத்தத்தான் உனக்கு எழுதினேன்,” என்றது அந்தப் பக்கக் குரல். “இன்னொரு தடவ போடு.”