பாயிண்ட் ஃபைவ் தகடு

எங்கள் புக்கிட் பாத்தோக் வீட்டுச் சமையலறையில், கறிச்சட்டி கவிழ்த்து வைக்கும் இடத்தில், ஒரு மோட்டார் சைக்கிள் சிலிண்டர் பழைய துண்டின்மேல் உட்கார்ந்திருந்தது. அண்ணன் அதைக் கார் பார்க்கில் கழற்றி, துணியில் சுற்றி லிஃப்டில் ஒன்பதாம் மாடிக்குக் கொண்டுவந்திருந்தார். ஜூரோங் கப்பல் பட்டறையில் அவர் ஃபிட்டர். வேலைச் சுத்தத்துக்குப் பெயர் வாங்கியவர். டிரில்லில் மூன்று உரசுகற்கள் பொருத்திய ஹோன் என்ற கருவியை மாட்டி, எண்ணெய் விட்டு, மேலும் கீழும் ஒரே சீராக ஓட்டினார். சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழுந்தன. அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்குமாம். பிறகு சோப்புப் போட்டு, வெள்ளைத் துணியில் கறை ஒட்டாத வரைக்கும் கழுவினார். என் பாத்திரங்களை அவர் ஒருநாளும் அப்படிக் கழுவியதில்லை.

வண்டியின் பத்து வருட சிஓஇ, சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமம், அடுத்த மாதம் முடிகிறது. முடிந்ததும் ஸ்கிராப்புதான். அதற்குள் ஒருமுறை தாய்லாந்தின் ஹாட்யாய் வரை ஓட்டிவிட வேண்டும், பன்னிரண்டு நாள் லீவும் கேட்டாகிவிட்டது. சாகப்போகிற வண்டிக்குப் புது பிஸ்டன் ரிங்கா என்று கேலி செய்தேன். "இருக்குற வரைக்கும் நல்லா ஓடட்டும்லா" என்றார்.

கேலி வாயில்தான். உள்ளே பயம். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்காக நான் வேலையை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. சாயங்காலம் அண்ணன் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு மணி நேரம்தான் எனக்கு. கீழே காப்பிக் கடையில் சூடாக ஒரு கோப்பை தே வாங்கிக்கொண்டு, யாரும் என்னைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன். பன்னிரண்டு நாள் அதுவும் இல்லை என்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று உண்மையாகவே நம்பினேன். போகாதீர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பட்டறையில் சேர்ந்த பதினொரு வருடத்தில் அவர் தனக்காகக் கேட்ட முதல் லீவு அது.

ஹோன் செய்த சிலிண்டருக்கு ஒரு சைஸ் பெரிய பிஸ்டனும் அதைச் சுற்றி மாட்டும் ரிங்கும் தேடிப்பிடித்து வாங்கியிருந்தார். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, அதன் இரு முனைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும்; அது கூடிவிட்டால் ரிங் வீண். அதற்கு ஃபீலர் கேஜ் என்று, விசிறிபோல் விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள். கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று பொடி எழுத்தில் அடித்திருக்கும். நாற்பத்தேழு வயதில் அண்ணனுக்குக் கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கலாகிவிட்டது. கண்ணாடி போட வீம்பு.

"பாப்பா, பாயிண்ட் த்ரீ எது? எடு."

ஹாலில் அப்பா என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பாயிண்ட் ஃபைவ் தகட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதை விரல்களுக்கிடையில் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு அரத்தை எடுத்து, அந்தத் தகடு நுழையும் வரைக்கும் ரிங் முனைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது அவருடைய நண்பர் அளந்துவிட்டுச் சிரித்தாராம்: "என்னண்ணே, புது ரிங்கைப் பழசாக்கிட்டீங்க?" அந்த சைஸ் மறுபடி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். வருவதற்குள் சிஓஇ முடிந்தது. வண்டியை லாரியில் ஏற்றிப் போனார்கள்.

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "என் கை தவறிடுச்சு" என்றார், எல்லாரிடமும். கொஞ்ச நாளில் ஃபிட்டிங் வேலை வேண்டாமென்று கேட்டு ஸ்டோருக்கு மாறிக்கொண்டார். தகட்டைத் தெரிந்தேதான் மாற்றிக் கொடுத்தேன் என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டு மணி நேரம் எனக்குத் தினமும் கிடைத்தது. தே மட்டும் மேசையிலேயே ஆறிக் கிடந்தது.

சென்ற வருடம் அப்பா போய்விட்டார். நாற்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும், "இப்பவாவது ஹாட்யாய் போய்ட்டு வாங்கண்ணே, பஸ்லயாவது" என்றேன்.

"உன்னைத் தனியா விட்டுட்டா? வேணாம்லா" என்றார்.

இப்போது அவர் கண்ணாடி போட்டுக்கொள்கிறார். ஆனாலும் எண் என்று எது வந்தாலும் என்னிடம்தான் நீட்டுகிறார். நேற்று அவருடைய பிரஷர் மாத்திரை அட்டை.

"எத்தனை மில்லிகிராம்னு பாரு பாப்பா. நீ படிச்சா தப்பா இருக்காது."

பத்து என்றேன். சரியாகத்தான் படித்தேன்.