போன மாதத்துக் கிரேக்கன்

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே, கன்டெய்னர் கிடங்கில் ஒரு கிரேக்கப் போர்வீரனைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். இடுப்பளவு உயரமுள்ள வெண்கலச் சிலை. கையில் கேடயம், நெற்றிக்கு மேல் தள்ளிவிட்ட தலைக்கவசம், மற்றபடி உடம்பில் ஒன்றுமில்லை. மாப்பிள்ளையூரணியில் பட்டறை வைத்திருக்கும் செல்வராணி செய்தது. ஜெர்மனிக்குப் போகவேண்டும். பட்டறையைப் பார்க்க வந்த நானும் அவருடைய லோடு ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கஸ்டம்ஸ் அதிகாரி சிலையைச் சுற்றி வருகிறார். “பாசி பிடிச்ச மாதிரி இருக்கே. பழங்காலச் சிலைய வெளிநாட்டுக்கு விட முடியாதும்மா.”

“இந்தப் பச்சை நெறம் நாங்க மருந்து தடவி வரவச்சது சார். வாங்குதவங்க அப்படித்தான் கேக்காவ. போன மாசம் வார்த்தது.”

“எப்படி நம்புறது?”

இந்தக் கப்பலை விட்டால் ஆர்டரும் போய்விடும். செல்வராணி வாசலைப் பார்த்துக் கூப்பிடுகிறார்.

“ஏலே தாசு, இங்கன வா.”

ஆட்டோ ஓட்டிவந்த தம்பி சிலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறான். கபடியில் உடைந்து இடப்பக்கம் கோணிய மூக்கு அவனுக்கு. வீரனுக்கும் அதே மூக்கு, அதே கோணல். அதிகாரி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்க்கிறார். சிரிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்.

சாக்குச் சுற்றி ஏற்றிவந்த சிலையைத் தாசு இப்போதுதான் பார்க்கிறான். பார்வை மெல்லக் கீழே இறங்குகிறது.

“எக்கா, ஒரு வேட்டியாவது கட்டிவிட்டிருக்கலாம்லா?”

“மூஞ்சி மட்டுந்தாம்ல ஒன்னுது. ஒடம்பு புஸ்தகத்தப் பாத்துச் செஞ்சது.”

தாசு வீரனின் உடம்பை இன்னொரு தடவை பார்க்கிறான். பிறகு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஆட்டோவை எடுக்கப் போகிறான்.