ரேஸ் காரின் இடது சீட்டு

ரேலி பந்தயத்தில் ஓட்டுகிறவனுக்குக் கப், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறவனுக்கு வாந்தி. புருஷனோ மச்சானோ வண்டி ஓட்டும்போது இடது சீட்டிலிருந்து "மெதுவா, மெதுவா" என்று கத்தி, யாரும் காதில் வாங்காத அனுபவம் உள்ளவர்களே, நான் உங்கள் ஆள். இலங்கை மலைநாட்டு ஹட்டனில் கணக்கு வாத்தியார். டயகம பக்கம் சொந்த பஸ் ஓட்டும் செல்வா அண்ணனுக்கு தேசிய சாம்பியன்ஷிப் ஆசை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வழி நோட்டு வாசிக்க நான் மாட்டிக்கொண்டேன்.

காணாமல் போன லயம்

பந்தயத்துக்கு முன்னால் ஒருநாள் பாதையைப் பார்த்து வளைவுகளைக் குறித்துக்கொள்ள விடுவார்கள். மற்றவர்கள் மீட்டர் கணக்கில் குறித்தார்கள். நான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை அடையாளம் வைத்து "நீல லயம் வந்ததும் வலது" என்று எழுதினேன். பந்தயத்தன்று நீல லயத்தையே காணோம். தேடிக்கொண்டே போய் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கினோம். திரும்பிப் பார்த்தால் லயத்தின் ரோட்டுப் பக்கச் சுவர் மட்டும் மஞ்சளாகப் பளபளத்தது. காரைத் தூக்கிவிட்ட லயத்துக்காரர் சொன்னார்:

"ஒங்க காரெல்லாம் வருதுன்னுதான் சேர், தோட்டத்துத் தொரை பெயிண்ட் அடிக்கச் சொன்னாரு. ஒழுகுற கூரைய அடுத்த பந்தயத்துக்குப் பாப்பாங்களாம்."

வட்டவளையில் பல்டி

வட்டவளை ஊரில் நடந்த அடுத்த பந்தயத்தில் நான் "இடது" என்றேன், அண்ணன் நேராகப் போனார். கார் தேயிலைக்குள் கவிழ்ந்தது. தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார். மனுஷன் என்றால் இவரல்லவா மனுஷன் என்று தலைகீழாகத் தொங்கியபடியே நெகிழ்ந்துபோனேன். அவர் ஆட்களிடம் கத்தினார்:

"மொதல்ல செடிய நிமித்துங்கடா, அவங்க தானா எந்திரிச்சிருவாங்க!"

நானாவின் கெடு

எங்களுக்கு டயர் கொடுப்பவர் ஹட்டன் கடைக்காரர் பாரூக் நானா. பதிலுக்குக் கார் கதவில் அவர் கடைப் பெயர். கடைசிப் பந்தயத்தையாவது முழுதாக முடிக்காவிட்டால் இனி டயர் கிடையாது என்றார். டயர் இல்லையென்றால் அண்ணனின் ரேலி அத்தோடு சரி. கெஞ்சிப் பார்த்தோம். நானா மசியவில்லை:

"என்ட கடையிட பேரு தேயிலக்குள்ள குப்புறக் கெடந்தா எவன் வாசிக்கிற?"

டாட்டா

கடைசிப் பந்தயம் டயகமயில், அண்ணனின் பஸ் ஓடும் அதே பாதையில். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். முடிவுக் கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர்தான் பாக்கி. ஒரு வளைவில் கொழுந்துப் பையோடு நின்ற அக்கா உற்சாகமாகக் கையைத் தூக்கினார். அண்ணன் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது, எஞ்சினும் நின்றது. எவ்வளவு முறுக்கியும் ஸ்டார்ட் ஆகவில்லை. நேரம் முடிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பஸ் ஓட்டுன பழக்கம் சேர்," என்றார் அண்ணன் பரிதாபமாக. "கையைக் கண்டா காலு தானா பிரேக்குக்குப் போயிருது."

அந்த அக்கா ஜன்னலருகே வந்து குனிந்து பார்த்தார்.

"போன வெள்ளிக்கிழம காச்சல் புள்ளயத் தூக்கிக்கிட்டு இதே எடத்துல கை காட்டுனேன், பஸ்ஸு நிக்காமப் போனீங்க. இன்னைக்கு டாட்டா காட்டுனா நிக்கிறீங்களேண்ணே!"

டயர் போனது போனதுதான், ஆனால் அந்த வளைவில் இப்போது பஸ் ஒழுங்காக நிற்கிறது, சாம்பியன்ஷிப்பில் நாங்கள் கண்ட ஒரே வெற்றி அதுதான்.