நாற்பதில் ஒன்று குறைந்த பட்டியல்

வெண்டல் ஸ்ட்ராக்காவுக்கு வேலை, நெப்ராஸ்கா முழுவதும் காரில் அலைந்து, பந்து வீசத் தெரிந்த பையன்களை ஸ்டர்ஜன்ஸ் பேஸ்பால் அணிக்குப் பிடித்துக் கொடுப்பது. இருபத்திரண்டு வருடத்தில் நான்கு கார்களையும் ஏழு ஜெனரல் மேனேஜர்களையும் பார்த்துவிட்டார். கார்களே மேல் என்பார். "காரு கெட்டுப்போனா சத்தமாவது போடும்."

அந்த ஏழு பேரும் வந்தபோது, குப்பையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார்கள். அதில் போன ஆறு பேரும் போகும்போது, பொன்னான அணியை விட்டுச் செல்கிறேன் என்றார்கள். ஒருவர் பொன் அடுத்தவருக்கு ஒரே ராத்திரியில் எப்படிக் குப்பையாகிறது என்பதை வெண்டல் இன்றுவரை ஆராய்ந்து வருகிறார். ஆறாமவரான பிரெஸ்காட் ஹேல், ஆறு வருட ஒப்பந்தத்தில் ஒரு பழுதான முழங்காலை வாங்கினார். அந்த முழங்காலோடு ஓர் ஆட்டக்காரரும் ஒட்டிக்கொண்டு வந்தார்.

வெண்டலின் கவலை கோடி நெமெக் என்ற இடதுகைப் பையன். ஐந்து வருடத்துக்கு முன் அவன் அம்மா ஜோலீனின் சமையலறை மேசையில், பழம் வைத்துச் சுட்ட மூன்று கொலாச்சி ரொட்டிகளைத் தின்றுவிட்டு, "அஞ்சே வருஷம், உங்க பையன் பெரிய டீம்ல இருப்பான்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஐந்தாவது வருடமும் வந்துவிட்டது. பையனோ இன்னும் அணியின் சிற்றூர்க் கிளைகளில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தான். இந்த வருடமும் இல்லையென்றால் மாமாவின் தானியக் கிடங்குக்கு வந்துவிட வேண்டும் என்று ஜோலீன் சொல்லிவிட்டாள்.

ஒவ்வொரு அணியும் நவம்பரில் நாற்பது பேரைப் பட்டியலில் எழுதி வேலி போட்டுக்கொள்ளலாம். வேலிக்கு வெளியே விடப்பட்ட நாலைந்து வருடப் பையன்களை டிசம்பரில் வேறு அணிகள் பறித்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, பறித்தவனை வருடம் முழுக்கப் பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும்.

மாலை ஆறு மணிக்குள் பட்டியல் போக வேண்டிய அதே நாளில்தான் ஹேலுக்கு வேலை போனது. கூடவே, பங்குச் சந்தையிலிருந்து வந்த கிரேடன் வாஸ் ஏழாமவராகப் பதவி ஏற்றார். கோடி நெமெக்குக்காகப் பேச வந்திருந்த வெண்டல், சுவரோரமாக நின்றார்.

ஹேல் முப்பத்தொன்பது பெயர் எழுதியிருந்தார். முழங்கால் பதினொன்றாவது இடத்தில் சௌகரியமாக இருந்தது.

"கடைசி இடம் உங்களுக்கு, கிரேடன். வர்றவரு தேர்வு ஒண்ணாவது இருக்கணும்ல?"

"ஐயோ, இது நீங்க கட்டுன டீம், பிரெஸ்காட். வந்த அன்னைக்கே நான் கை வெச்சா நல்லாவா இருக்கும்?"

"சேச்சே, நீங்க எழுதுங்க."

"நீங்க எழுதுனா எனக்குப் பெருமை."

கல்யாணப் பந்தியில் கடைசி லட்டை ஆளுக்காள் தள்ளிவிடுவதுபோல் பட்டியல் மேசையில் போய்வந்தது. வெண்டல் தொண்டையைச் செருமினார்.

"கோடி நெமெக்குன்னு ஒரு இடதுகைப் பையன். யாராச்சும் ஒருத்தர் எழுதிடுங்களேன்."

"அந்தப் பேரு மேல எங்களுக்கு ரொம்ப மதிப்பு இருக்கு, வெண்டல்" என்றார் வாஸ். "அதனாலதான் அவசரப்பட வேணாம்னு பாக்கறோம்."

மணி ஆறு அடித்தது. முப்பத்தொன்பது பெயரோடு பட்டியல் போய்ச் சேர்ந்தது. இருவரும் கட்டிக்கொண்டார்கள். நாற்பதாவது இடம் 'தொலைநோக்குடன் காலியாக வைக்கப்பட்டது' என்று பத்திரிகைகளுக்குச் செய்தி போனது.

வெண்டல் ஜோலீனுக்குப் போன் போட்டார்.

"விட்டுட்டாங்க."

"நாப்பதுல ஒரு இடம்கூடவா காலியில்ல?"

"ஒண்ணு காலியாத்தான் இருந்துச்சு."

"அவனுங்களுக்குப் பைத்தியமா?"

"இல்ல ஜோலீன். ரொம்ப மரியாதை தெரிஞ்சவங்க."

"நீ தின்ன கொலாச்சிய நெனச்சா எனக்கு வயிறு எரியுது, வெண்டல்."



டிசம்பரில், பெயர்களைப் பறிக்கும் நாளில், மேற்கே ஓர் அணி வரிசையில் இரண்டாவது ஆளாகவே கோடியைத் தூக்கிக்கொண்டது. வருடம் முழுக்கப் பெரிய அணி. பையன் போனில் கத்திய கத்தலில் வெண்டல் காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. வாக்கு நிறைவேறிவிட்டது. நிறைவேற்றியவர்கள்தான் ஸ்டர்ஜன்ஸ் இல்லை.

மறுநாள் ஆலோசனைக் கூட்டம். சிரிப்பை அடக்க வெண்டல் காபிக் கோப்பையை முகத்தருகே பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"ஹேல் விட்டுட்டுப் போன குப்பையில இடதுகைக்காரனே இல்ல" என்றார் வாஸ். "நெப்ராஸ்கா பக்கம் நல்லவனா ஒருத்தன் கிடைப்பானா, வெண்டல்?"

"இருக்கான். ஏப்ரல் ரெண்டாவது வாரம் நம்ம மைதானத்துக்கே வர்றான். எதிர் டீம் பெஞ்சுல பாருங்க."

வாஸ் அக்கறையாகக் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

"பேரு?"