கதவிடுக்கில் ஒரு கால்

எங்கள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் அவரை 'பூட்ஸ் அக்கா' என்றால்தான் தெரியும். கதவு திறந்ததும் வணக்கம் சொல்வதற்கு முன் இடுக்கில் காலை வைத்துவிடுவார். முகத்துக்கு நேரே அறைந்து சாத்திய கதவுகள் கால்விரல் நகங்களைப் பெயர்த்த பிறகு, இரும்பு முனை வைத்த ஆம்பளை பூட்ஸுக்கு மாறிவிட்டார். வீட்டில் எறும்பைக்கூட மிதிக்காதவர் என்று அவர் கணவர் சொல்வார். அக்காவுக்கு ஜீப் ஓட்டும் என்னால் அதை நம்பவே முடிந்ததில்லை.

போலீஸ் துணையில்லாமல் நாங்கள் ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால், உள்ளே குழந்தை அலறுவது காதில் விழ வேண்டும். விதி அப்படி. ஒரு மெக்கானிக் வீட்டில் மட்டும் அந்த அலறல் விழவே இல்லை. பெல்ட் சத்தம் கேட்கிறது என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. நாங்கள் போனால் ஆறு வயதுக் குழந்தை வீங்கிய முகத்தோடு பேசாமல் நிற்கும். "விழுந்துட்டா" என்பாள் அதன் அம்மா. திரும்பி வருவோம். நாங்கள் வந்துபோனதற்கும் சேர்த்து அதற்கு உதை விழும்.

ஒருநாள் அந்த வீட்டு வாசலில் ஜீப்பை விட்டு இறங்கும்போதே அக்கா சொன்னார்: "அவன் என்னை அடிச்சதும் போலீசுக்கு போன் போடு தம்பி. அரசாங்க ஆள் மேல கை வச்சா அவங்க வந்துதான் ஆகணும். நீ இறங்காதே."

கதவு திறந்தது. கால் உள்ளே போனது. "பொண்டாட்டி புள்ளைகிட்டதான் உன் வீரமெல்லாமா? என் மேல கை வையேன் பாப்போம்" என்றார்.

வைத்தான். முதல் குத்திலேயே மூக்கு உடைந்தது. முடியைப் பிடித்துத் தலையைக் கதவு நிலையில் இடித்தான். விழுந்தவரின் வயிற்றில் உதைத்தான். பெல்ட்டை உருவினான். அக்கா வலி தாங்காமல் கத்தியபோது அந்தக் குழந்தை உள்ளிருந்து ஓடி வந்து, ரத்தம் வழிந்த அவர் வாயை இரண்டு கையாலும் பொத்தியது.

"கத்தாதீங்க ஆன்ட்டி. கத்துனா இன்னும் அடிப்பாரு."

விதியாவது மண்ணாவது. போன் போட்ட கையோடு ஜாக்கி கம்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மணிக்கட்டில் ஒரு போடு போட்டதும் பெல்ட் விழுந்தது. மறு கையால் என் கழுத்தை நெரித்தான்.

அக்கா அந்தச் சின்னக் கைகளை விலக்கினார். "கத்தலாம் கண்ணு. எவ்வளவு வேணாலும் கத்தலாம்."

குழந்தை அப்பாவைப் பார்த்தது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது. பிறகு அலறியது.

தெருவில் கதவுகள் திறந்தன; அவன் கை என் கழுத்தை விட்டது. போலீஸ் வந்து அவனை இழுத்துப் போன பிறகும் அது ஓயவில்லை. ஜீப்பில் அக்காவின் மடியில் உட்கார்ந்து வழியெல்லாம் அலறிக்கொண்டே வந்தது. நிறுத்தச் சொல்ல எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.